அத்தியாயம் 7: இன்டெக்ஸைப் பார்த்துக் கிளைகளை இணைத்தல்

இரண்டு கிளைகளை மெர்ஜ் செய்யும்போது கிட் பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலானோர் உடனே கோப்பைத் திறக்கிறார்கள். உள்ளே நுழைந்திருக்கும் குறி வரிகளைத் தேடுகிறார்கள், இரண்டு பகுதிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறார்கள். பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாத நேரங்களில் யாரோ செய்த திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும், சில வாரம் கழித்துத்தான் தெரியவரும். இந்த அத்தியாயம் வேறொரு வரிசையைச் சொல்கிறது: முதலில் இன்டெக்ஸைப் படியுங்கள், அதன் பிறகு கோப்பைத் தொடுங்கள். மோதல் பதிவாகியிருக்கும் இடம் இன்டெக்ஸ்தான். கோப்பில் தெரியும் குறிகள் அந்தப் பதிவிலிருந்து கிட் வரைந்து காட்டும் தோற்றம் மட்டுமே. இதற்கான சான்றுகளை நீங்களே செய்து பார்க்கும் வகையில் பயிற்சி அமைக்கப்பட்டுள்ளது.

படிக்கும் முன்: கட்டளைகள் இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். கோப்புகளின் பெயரையும் கிளையின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம், கிட் ஏற்றுக்கொள்ளும்.

## தேவையான அளவு கோட்பாடு

இன்டெக்ஸ் என்பது ரெப்பாசிட்டரிக்குள் மறைந்திருக்கும் 'டாட் கிட்' ஃபோல்டரில் உள்ள ஒரு பைனரி கோப்பு. அடுத்த கமிட்டில் எந்தெந்தக் கோப்பு என்ன உள்ளடக்கத்தோடு இடம்பெறும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. 'கிட் ஆட்' கொடுக்கும்போது நீங்கள் மாற்றுவது இந்தப் பட்டியலைத்தான். ஒவ்வொரு பதிவிலும் கோப்பின் பெயர், அனுமதி எண், உள்ளடக்கத்தின் ஹேஷ் ஆகியவற்றோடு இரண்டே பிட்டில் அடங்கும் ஒரு நிலை எண்ணும் உண்டு. இரண்டு பிட்டில் 0 முதல் 3 வரை நான்கு மதிப்புகள் அடங்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக 2005-ல் கிட்டை உருவாக்கிய காலத்திலேயே வந்துவிட்ட இந்த எண்கள்தான் மெர்ஜின் முழுக் கணக்கும்.

- நிலை 0: சிக்கல் இல்லாத, முடிவான பதிவு.
- நிலை 1: இரண்டு கிளைகளும் பிரிந்த இடத்தில் இருந்த பொது மூதாதைப் பதிப்பு.
- நிலை 2: நீங்கள் நிற்கும் கிளையின் பதிப்பு.
- நிலை 3: உள்ளே வரும் கிளையின் பதிப்பு.

ஒரு கோப்பை இணைக்கும்போது கிட் இந்த மூன்று பதிப்புகளின் ஹேஷ்களை ஒப்பிடுகிறது. 1-ம் 2-ம் ஒன்றாக இருந்தால் மாற்றியது எதிர்க்கிளை மட்டுமே, ஆகவே 3 ஏற்கப்படும். 1-ம் 3-ம் ஒன்றாக இருந்தால் மாற்றியது உங்கள் கிளை மட்டுமே, ஆகவே 2 நிற்கும். 2-ம் 3-ம் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், பேச்சே இல்லை. இந்த மூன்று நிலைமைகளிலும் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவையே கிட்டுக்கு இல்லை. மூன்றும் வெவ்வேறாக இருந்தால் மட்டும் உள்ளே போய் வரிவரியாக இதே விதியைப் பயன்படுத்துகிறது. எல்லா வரிகளும் ஒத்துவந்தால் நிலை 0 பதிவாகும். ஒரு வரியாவது ஒத்துவராவிட்டால் 1, 2, 3 மூன்றையும் இன்டெக்ஸில் அப்படியே விட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். அதாவது, மோதல் என்பது மென்பொருளின் கோளாறு இல்லை. தன்னால் முடிவெடுக்க முடியாது என்பதைக் கிட் மூன்று ஆதாரங்களோடு பதிவு செய்து வைக்கிறது.

## பயிற்சிக்கான ரெப்பாசிட்டரி

உண்மையான வேலையில் முயல்வதற்கு முன் ஒரு காலி ஃபோல்டரில் இதைச் செய்து பாருங்கள். ஒரு மளிகைக் கடையின் விலைப்பட்டியல் நமக்குப் போதும்.

1. 'கிட் இனிட் -பி மெயின்' கொடுத்து ரெப்பாசிட்டரியைத் தொடங்குங்கள்.
2. 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்' கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் \340\256 என்று தொடங்கும் எண் வரிசையாகத் திரையில் வரும். கோப்புக்கு எந்தக் கேடும் இல்லை, கண்ணுக்குத்தான் தொல்லை.
3. 'விலை' என்ற கோப்பில் ஆறு வரிகள் எழுதுங்கள்: அரிசி 60, பருப்பு 140, எண்ணெய் 180, சர்க்கரை 45, புளி 150, உப்பு 20. 'முகவரி', 'நேரம்' என்று ஒற்றை வரிக் கோப்புகள் இரண்டையும் உருவாக்கி, மூன்றையும் கமிட் செய்யுங்கள்.
4. 'கிட் ஸ்விட்ச் -சி பண்டிகை' என்று புதிய கிளைக்கு மாறுங்கள். அரிசியை 55 ஆக்குங்கள், உப்பை 18 ஆக்குங்கள், 'நேரம்' கோப்பையும் மாற்றி கமிட் செய்யுங்கள்.
5. 'கிட் ஸ்விட்ச் மெயின்' கொடுத்துத் திரும்புங்கள். இங்கே அரிசியை 62 ஆக்குங்கள், 'முகவரி' கோப்பை மாற்றி கமிட் செய்யுங்கள்.

பாதுகாப்பு: மெர்ஜ் தொடங்கும் முன் 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். கமிட் செய்யாத மாற்றம் ஏதாவது இருந்தால் கமிட் செய்யுங்கள் அல்லது 'கிட் ஸ்டாஷ்' கொடுத்து ஒதுக்கி வையுங்கள். இன்டெக்ஸில் கமிட்டாகாத மாற்றம் இருந்தால் கிட் பொதுவாக மெர்ஜைத் தொடங்கவே மறுக்கும். ஆனால் 'ஆட்' செய்யப்படாமல் வெறும் கோப்பில் மட்டும் இருக்கும் மாற்றத்தை, மெர்ஜ் அந்தக் கோப்பைத் தொடாத வரை, அனுமதித்துவிடும். பின்னால் மெர்ஜைக் கைவிட நேர்ந்தால் அந்த மாற்றத்தை முன்பிருந்தபடி மீட்டுத் தர முடியும் என்ற உறுதி கிடையாது.

## நின்ற இடத்தைப் படிப்பது

1. மெயின் கிளையில் நின்று 'கிட் மெர்ஜ் பண்டிகை' கொடுங்கள். 'விலை' கோப்பில் மோதல் என்று சொல்லி கிட் நிற்கும்.
2. கோப்பைத் திறக்க வேண்டாம். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -எஸ்' கொடுங்கள். இது இன்டெக்ஸை வரிவரியாகக் காட்டும்.

ஹேஷ்களை நீக்கிவிட்டால் திரையில் தெரிவது இதுதான்:

100644 0 நேரம்
100644 0 முகவரி
100644 1 விலை
100644 2 விலை
100644 3 விலை

மூன்று கோப்புகளுக்கு ஐந்து பதிவுகள். 'நேரம்' எதிர்க்கிளையில் மட்டும் மாறியது, 'முகவரி' உங்கள் கிளையில் மட்டும் மாறியது. இரண்டும் விதிப்படி நிலை 0-க்குப் போய்விட்டன. 'விலை' மட்டும் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. பெரிய ரெப்பாசிட்டரியில் ஆயிரக்கணக்கான வரிகள் வரும் என்பதால் அங்கே '-எஸ்' என்பதற்குப் பதில் '-யூ' கொடுங்கள், தீராத பதிவுகள் மட்டும் வரும். அந்தப் பட்டியல்தான் உங்கள் வேலையின் முழு அளவு. எத்தனை கோப்புகளைப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து குறிகளைத் தேடுபவருக்கு இந்த எல்லை கடைசிவரை தெரிவதில்லை.

## மூன்று பதிப்புகளையும் எடுத்துப் பார்ப்பது

1. 'கிட் ஷோ :1:விலை' கொடுத்தால் மூதாதைப் பதிப்பு வரும். 1-க்குப் பதில் 2, 3 கொடுத்து மற்ற இரண்டையும் பாருங்கள்.
2. 'கிட் டிஃப் :1:விலை :2:விலை' கொடுங்கள். உங்கள் கிளை என்ன செய்தது என்பது மட்டும் தெரியும்: அரிசி 60-லிருந்து 62.
3. 'கிட் டிஃப் :1:விலை :3:விலை' கொடுங்கள். எதிர்க்கிளை என்ன செய்தது என்பது தெரியும்: அரிசி 60-லிருந்து 55, உப்பு 20-லிருந்து 18.
4. 'கிட் லாக் --மெர்ஜ் -பி விலை' கொடுங்கள். மோதும் கோப்பைத் தொட்ட கமிட்கள் மட்டும் செய்திகளோடு வரும். மாற்றியது யார், என்ன காரணம் சொன்னார் என்பதை இங்கே படிக்கலாம்.

இந்த நான்கு படிகள் ஏன் தேவை என்பதை அரிசியின் விலையே காட்டிவிடும். கோப்பில் வழக்கமாகத் தெரியும் குறிகளுக்கு நடுவே 62, 55 என்ற இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும். அவற்றை மட்டும் பார்த்தால் எது சரி என்ற கேள்விதான் எழும். அந்தக் கேள்வியே தவறு. மூதாதையில் 60 இருந்தது என்று தெரிந்த பிறகுதான் ஒரு கிளை இரண்டு ரூபாய் ஏற்றியிருக்கிறது, மற்றது ஐந்து ரூபாய் தள்ளுபடி கொடுத்திருக்கிறது என்பது புரிகிறது. விலையேற்றமும் தள்ளுபடியும் இரண்டுமே நடக்க வேண்டியவை என்றால் சரியான விடை 57. அந்த எண் எந்தக் கிளையிலும் இல்லை. நிலை 1-ஐப் பார்க்காமல் இருபுறத்தையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் 57 கிடைக்காது. மெர்ஜில் நாம் இணைப்பது இரண்டு கோப்புகளை என்று தோன்றினாலும், உண்மையில் இணைப்பது இரண்டு மாற்றங்களை. மாற்றத்தை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அதைத்தான் கிட் நிலை 1-ல் பாதுகாத்து வைத்திருக்கிறது. பண்டிகை விலை என்ன ஆனாலும் 55 என்று கடைக்காரர் முன்பே அறிவித்திருந்தால் விடை மாறும் என்பதும் உண்மை. கமிட் செய்திகளைப் படிக்கச் சொல்வதும், சந்தேகம் இருந்தால் மாற்றியவரைக் கேட்கச் சொல்வதும் அதனால்தான்.

குறிப்பு: மூதாதைப் பகுதி கோப்பின் உள்ளேயே தெரிய வேண்டும் என்றால் 'கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல் டிஃப்3' கொடுங்கள். ஏற்கனவே நின்றுபோன மெர்ஜுக்கு 'கிட் செக்அவுட் --கான்ஃபிளிக்ட்=டிஃப்3 விலை' கொடுத்தால் போதும். அதன் பிறகு மோதும் இடம் இப்படி இருக்கும்:

<<<<<<< நமது பதிப்பு
அரிசி 62
||||||| மூதாதை
அரிசி 60
=======
அரிசி 55
>>>>>>> பண்டிகை

எச்சரிக்கை: இந்தச் செக்அவுட் கட்டளை கோப்பை இன்டெக்ஸிலிருந்து புதிதாக எழுதுகிறது. அதற்குள் நீங்கள் கையால் செய்த திருத்தம் இருந்தால் அழிந்துவிடும். ஆகவே திருத்தத் தொடங்கும் முன்பே கொடுங்கள்.

## தீர்வை எழுதிப் பதிவு செய்வது

1. 'விலை' கோப்பைத் திறந்து குறி வரிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அரிசி 57 என்று எழுதுங்கள். உப்பு 18 என்று ஏற்கனவே மாறியிருப்பதைக் கவனியுங்கள். அந்த வரியை ஒரு கிளை மட்டுமே மாற்றியதால் கிட் தானாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது.
2. 'கிட் டிஃப் --செக்' கொடுங்கள். குறி வரி எங்காவது மிச்சம் இருந்தால் வரி எண்ணோடு சொல்லும்.
3. 'கிட் ஆட் விலை' கொடுங்கள். இன்டெக்ஸில் 1, 2, 3 பதிவுகள் மூன்றும் நீங்கி, ஒரே ஒரு நிலை 0 பதிவு வரும்.
4. 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -யூ' மீண்டும் கொடுங்கள். வெற்றுத் திரை வந்தால் தீராதது எதுவும் இல்லை.
5. சோதனைகளை ஓட்டிய பிறகு 'கிட் கமிட்' கொடுங்கள்.

மூன்றாம் படியில் நடப்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'கிட் ஆட்' கோப்பின் உள்ளே குறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே இல்லை. குறிகளை நீக்காமல் ஆட் செய்தாலும் அது ஏற்கும், மோதல் தீர்ந்துவிட்டதாக இன்டெக்ஸ் சொல்லும். மறுபுறம், கோப்பை மிகச் சரியாகத் திருத்திவிட்டு ஆட் செய்யாமல் விட்டால், தீராத கோப்பு இருக்கிறது என்று கமிட் மறுக்கப்படும். கோப்பின் உள்ளடக்கத்தை இரண்டு நேரத்திலும் கிட் பொருட்படுத்தவில்லை, நிலை எண்ணை மட்டுமே பார்த்தது. மோதல் இன்டெக்ஸில் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது முதல் சான்று.

## குறிகளே வராத மோதல்கள்

இரண்டாவது சான்று இன்னும் முக்கியமானது. சில மோதல்களில் கோப்பின் உள்ளே எந்தக் குறியும் வராது. குறிகளைத் தேடியே பழகியவர் தடுமாறுவது இங்கேதான். இன்டெக்ஸைப் படிப்பவருக்கோ எந்த எண் இல்லை என்பதே விளக்கமாகிவிடுகிறது.

- 1-ம் 2-ம் உண்டு, 3 இல்லை: நீங்கள் மாற்றிய கோப்பை எதிர்க்கிளை நீக்கிவிட்டது. வேண்டும் என்றால் 'கிட் ஆட்', வேண்டாம் என்றால் 'கிட் ஆர்எம்'.
- 1-ம் 3-ம் உண்டு, 2 இல்லை: நீங்கள் நீக்கியதை அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். தீர்வு அதேதான்.
- 2-ம் 3-ம் உண்டு, 1 இல்லை: இரு கிளைகளும் ஒரே பெயரில் தனித்தனியே புதிய கோப்பை உருவாக்கியுள்ளன. மூதாதை கிடையாது. இந்த ஒரு வகையில் மட்டும், உரைக் கோப்பாக இருந்தால், குறிகள் வரும். இரண்டும் வேண்டும் என்றால் ஒன்றுக்கு வேறு பெயர் வையுங்கள்.
- மூன்றும் உண்டு, ஆனால் படக்கோப்பு: பைனரி கோப்பில் குறி இட முடியாது. உங்கள் பதிப்பே ஃபோல்டரில் அப்படியே நிற்கும். 'கிட் செக்அவுட் --தேர்ஸ்' அல்லது '--அவர்ஸ்' கொடுத்து ஒன்றைத் தேர்ந்து, பிறகு ஆட் செய்யுங்கள்.

நீக்கப்பட்ட கோப்பைத் திரும்பக் கொண்டுவரும் முன் அது ஏன் நீக்கப்பட்டது என்று கேளுங்கள். அதிலிருந்த நிரல் வேறொரு கோப்புக்கு மாற்றப்பட்டிருந்தால், நீங்கள் செய்த திருத்தம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் புதிய கோப்பு. பழையதைத் திரும்ப ஆட் செய்துவிட்டால் இரண்டு பிரதிகள் உருவாகும், அவற்றில் ஒன்று மட்டும் திருத்தப்பட்டதாக இருக்கும்.

## அடிக்கடி நேரும் பிழைகள்

'கிட் கமிட் -ஏ' கொடுப்பது. மோதல் நடுவே இது மிகவும் ஆபத்தானது. மாறிய கோப்புகள் அனைத்தையும் இன்டெக்ஸில் சேர்த்துவிடுவதால், குறிகள் நிறைந்த கோப்பும் தீர்ந்ததாகக் கணக்காகி கமிட்டுக்குள் போய்விடும். 'கிட் ஆட் .' என்று புள்ளி வைத்து மொத்தமாகச் சேர்ப்பதும் இதே விளைவைத் தரும். மெர்ஜ் நடக்கும்போது ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லியே ஆட் செய்யுங்கள்.

ஒரு வரிக்காக முழுக் கோப்பையும் தேர்வது. 'கிட் செக்அவுட் --அவர்ஸ் விலை' கொடுத்தால் அரிசி 62 கிடைக்கும், கூடவே உப்பும் 20-க்குத் திரும்பிவிடும். உப்பில் மோதலே இல்லை என்றாலும் நிலை 2-ல் உள்ள முழுக் கோப்பும் எடுக்கப்படுவதால் எதிர்க்கிளையின் அந்தத் திருத்தம் தொலைகிறது, எச்சரிக்கையும் வராது. மோதும் இடங்களில் மட்டும் உங்கள் பக்கம் வேண்டும் என்றால் மெர்ஜைக் கைவிட்டு 'கிட் மெர்ஜ் -எக்ஸ் அவர்ஸ் பண்டிகை' என்று மறுபடி தொடங்குங்கள். பெயரில் நெருக்கமான '-எஸ் அவர்ஸ்' வேறு ரகம். அது எதிர்க்கிளையின் உள்ளடக்கம் முழுவதையும் புறக்கணித்துவிட்டு, இணைத்ததாக மட்டும் வரலாற்றில் எழுதும்.

ரீபேஸில் பக்கங்களைக் குழப்பிக்கொள்வது. ரீபேஸ் செய்யும்போது கிட் முதலில் இலக்குக் கிளையின் நுனியில் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்களை ஒவ்வொன்றாக அதன் மேல் வைக்கிறது. அங்கே நிலை 2-ல் இருப்பது இலக்குக் கிளை, நிலை 3-ல் இருப்பது உங்கள் சொந்த கமிட். மெர்ஜ் பழக்கத்தில் '--அவர்ஸ்' கொடுத்தால் உங்கள் வேலையை நீங்களே தூக்கி எறிவீர்கள். 'கிட் ஷோ :2:' என்பதோடு கோப்பின் பெயரையும் கொடுத்து உறுதி செய்த பிறகே தேர்வு செய்யுங்கள்.

மூதாதையை வெகுதூரம் விட்டுவிடுவது. கிளை பிரிந்து நாளாக ஆக நிலை 1 பழையதாகிறது, இருபுறமும் மாற்றங்கள் சேர்கின்றன, அவை ஒரே வரியைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. மெயினை உங்கள் கிளைக்குள் அவ்வப்போது மெர்ஜ் செய்தால் மூதாதை ஒவ்வொரு முறையும் புதிதாகும்.

## பின்வாங்கும் வழிகள்

1. கமிட்டுக்கு முன், முழுவதும் வேண்டாம்: 'கிட் மெர்ஜ் --அபார்ட்'. மெர்ஜ் தொடங்கும் முன் எல்லாம் கமிட் ஆகியிருந்தால் பழைய நிலைக்கே திரும்பும்.
2. ஒரு கோப்பை மட்டும் மீண்டும் தொடங்க: 'கிட் செக்அவுட் -எம் விலை'. ஆட் செய்த பிறகும் இது வேலை செய்யும். தீர்த்த மோதலின் மூன்று பதிவுகளையும் மெர்ஜ் முடியும்வரை இன்டெக்ஸ் தனிப் பகுதியில் வைத்திருக்கிறது.
3. கமிட் ஆகிவிட்டது, புஷ் செய்யவில்லை: 'கிட் ரீசெட் --ஹார்ட் ஒரிக்ஹெட்'. ஒரிக்ஹெட் என்பதை ஆங்கிலத்தில் அடிக்கோடு இட்டு, பெரிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். கமிட் ஆகாத மற்ற மாற்றங்களையும் இது அழிக்கும் என்பதால் முதலில் ஸ்டேட்டஸ் பாருங்கள்.
4. புஷ் ஆகிவிட்டது: மெர்ஜ் கமிட்டின் ஹேஷைத் தந்து 'கிட் ரிவர்ட் -எம் 1' கொடுங்கள். பின்னால் அதே கிளையை மீண்டும் மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் திரும்பி வராது, அவை ஏற்கனவே இணைந்தவை என்றே கிட் கருதும். அப்போது முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும்.

## எழக்கூடிய மறுப்புகள்

எடிட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலைக்கு இத்தனை கட்டளைகள் ஏன் என்று கேட்கலாம். பொத்தான் தவறில்லை. ஆனால் 'இப்போதுள்ளதை ஏற்கவும்', 'வருவதை ஏற்கவும்' போன்ற பொத்தான்கள் தருவது 62, 55 என்ற தேர்வுகளைத்தான், 57-க்குப் பொத்தான் கிடையாது. மூன்று பலகையில் மூதாதையையும் காட்டும் கருவி உங்களிடம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்தக் கருவியும் இன்டெக்ஸின் அதே மூன்று பதிவுகளைத்தான் எடுத்துக் காட்டுகிறது. நடுப் பலகையில் இருப்பது என்ன என்று புரிந்து அழுத்துகிறீர்களா என்பதே கேள்வி.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. 2021 நவம்பரில் வந்த கிட் 2.34 முதல் இயல்பான மெர்ஜ் முறையாக உள்ள 'ஆர்ட்' கணக்கு முழுவதையும் நினைவகத்திலேயே செய்கிறது, இடையில் இன்டெக்ஸைத் தொடுவதில்லை. அப்படியானால் இன்டெக்ஸை முன்வைத்துப் பேசுவது பழங்கதை இல்லையா? கணக்கிடும் இடம் மாறியது உண்மை. ஆனால் கணக்கு முடிந்து தீராதது மிஞ்சினால், அதை ஆர்ட் எழுதி வைக்கும் இடம் இன்றும் இன்டெக்ஸ்தான், அதே 1, 2, 3 எண்களோடுதான். ஃபோல்டரையும் இன்டெக்ஸையும் தொடாமலே மெர்ஜ் செய்து பார்க்கும் 'கிட் மெர்ஜ்-ட்ரீ' கட்டளைகூட, 2.38 பதிப்பிலிருந்து, மோதலை இதே நிலை எண்களில்தான் அச்சிடுகிறது. முன்னோட்டத்துக்கு இது நல்ல கருவி. மெர்ஜுக்கு முன் 'கிட் மெர்ஜ்-ட்ரீ மெயின் பண்டிகை' கொடுத்து எங்கே மோதும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: எல்லாம் நிலை 0 ஆனாலும் நிரல் உடைந்து போகலாமே? போகலாம். ஒரு கிளை ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறது, மற்றது வேறொரு கோப்பில் பழைய பெயரால் அதை அழைக்கும் புதிய வரியைச் சேர்க்கிறது. இரண்டு மாற்றங்களும் ஒரே இடத்தைத் தொடவில்லை, ஆகவே கிட் சிக்கலின்றி இணைத்துவிடும், நிரல் ஓடாது. இன்டெக்ஸ் வரிகளின் ஒப்பந்தத்தைச் சொல்கிறது, பொருளின் ஒப்பந்தத்தை அதனால் சொல்ல முடியாது. இது இன்டெக்ஸைப் படிக்காமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. படித்து முடித்த பிறகும் சோதனை ஓட்ட வேண்டும் என்பதற்கான காரணம். மோதல் வராது என்று நம்பும்போதும் 'கிட் மெர்ஜ் --நோ-கமிட் --நோ-எஃப்எஃப் பண்டிகை' கொடுத்தால், இணைத்துவிட்டு கமிட்டுக்கு முன் நிற்கும், சோதனைக்கு இடம் கிடைக்கும்.

## கமிட் செய்யும் முன் சரிபார்ப்பு

1. 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -யூ' வெறுமையாக இருக்கிறதா?
2. 'கிட் டிஃப் --கேஷ்ட் --செக்' அமைதியாக இருக்கிறதா? இது இன்டெக்ஸில் சேர்ந்துவிட்டவற்றில் குறி வரி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும்.
3. 'கிட் டிஃப் --கேஷ்ட்' காட்டும் மாற்றங்கள் எதிர்க்கிளையிலிருந்து வர வேண்டியவைதானா?
4. சோதனைகள் ஓடினவா?
5. தீர்வுக்கான காரணம் கமிட் செய்தியில் இருக்கிறதா?

ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செய்தியை விட்டால், மெர்ஜ் கமிட் இரண்டு பெற்றோரையும் முடிவான உள்ளடக்கத்தையும் மட்டுமே வைத்திருக்கும். எது மோதியது, ஏன் இப்படித் தீர்த்தோம் என்பதற்கு அதில் இடமில்லை, நிலை 1, 2, 3 பதிவுகளும் வேலை முடிந்ததும் போய்விடும். போதாக்குறைக்கு, 'கிட் ஷோ' ஒரு மெர்ஜ் கமிட்டைக் காட்டும்போது இரு பெற்றோரிலிருந்தும் வேறுபடும் பகுதிகளை மட்டுமே காட்டும். நீங்கள் எழுதிய 57 அதில் தெரியும். யாராவது 62-ஐ அப்படியே தேர்ந்திருந்தால், அது ஒரு பெற்றோரோடு ஒத்துப்போவதால், தள்ளுபடி மறைந்ததன் சுவடே அங்கு இருக்காது. 2.36 பதிப்பு முதல் கிடைக்கும் 'கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்' அந்த மெர்ஜை மறுபடி நடத்திப் பார்த்து, மோதலும் தீர்வும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும். பிறருடைய மெர்ஜைச் சரிபார்க்கும்போது அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் என்ன நடந்தது என்று காட்டுமே தவிர ஏன் என்று சொல்லாது. ஆகவே கமிட் செய்தியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'அரிசி: மூலம் 60, விலையேற்றம் 2, பண்டிகைத் தள்ளுபடி 5, ஆகவே 57.'